சொந்தக் குரலில் மட்டும்

முதலில் அதை வேறு யாரோ ஒருத்தியின் குரல் என்றுதான் வசந்தாமணி நினைத்தாள். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. காலையிலிருந்து செருப்புக்குள் வெந்துகொண்டிருந்த கால்களை வெளியே எடுத்துத் தகரத் தரையில் வைத்து, மடியில் பையை அணைத்துக்கொண்டு, வீடு போய்ச் சேரும்வரை யாரும் தன்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பில் கண்ணை மூடியபோது பின் இருக்கையில் யாருடைய போனிலிருந்தோ அந்தக் குரல் வந்தது. அவசரப்படாத குரல். ஒரு சொல்லை முழுதாக முடித்து வைத்துவிட்டுத்தான் அடுத்த சொல்லை எடுத்தது. நல்ல குரல், எங்கோ பழகிய குரல் என்று நினைத்த மறுகணம் அது தன் குரல் என்று தெரிந்தது. “வணக்கம். குழந்தை வெச்சிருக்கற எல்லாரும் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. இது எங்கிருந்தோ வந்ததில்லீங்க. என்ற கண்ணால நான் பாத்தது.” அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று கழுத்து தானாகவே முடிவு செய்துகொண்டது. மற்றவர்களுக்குத் தங்கள் குரல் வெளியிலிருந்து வந்தால் அடையாளம் தெரியாமல் போகலாம். அவளுக்கு அந்த வசதி இல்லை. ஈரோட்டில் நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் அறிவிப்பாளர் அவள். தரைத்தளத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் ‘அன்பான வாடிக்கையாளர்களே’ என்று அவள் சொல்வது மேல்மாடிப் பட்டுப் பிரிவில் மோதித் திரும்பி அவள் காதுக்கே வந்து சேரும். வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியது. ஆனால் அது கடைச் சுவரைத் தாண்டி, ஆள் மாறி ஆள் மாறி, சந்தைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவளைப் போல இதே பஸ்ஸில் ஏறி உட்காரும் என்று அவள் நினைத்ததில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். வந்ததை வந்தபடி தள்ளிவிட்டிருந்தால் இன்றைக்குப் பின் இருக்கையில் ஓடுவது முகம் தெரியாத எவனோ எழுதிய பொய்யாக இருந்திருக்கும். ஆனால் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அப்படித் தள்ளக் கூடாது என்று விதி இருந்தது. செயலாளர் பார்த்திபன் போட்ட விதி. மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர், எதற்கும் ஒரு ஃப்யூஸ் வேண்டும் என்று சொல்கிறவர். உப்புக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்ற செய்தியை நம்பிக் குடியிருப்பே மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கிய பிறகு, “இனிமே பார்வர்டு போட்டா குரூப்பை விட்டுத் தூக்கிருவேன். அவங்கவங்க பாத்தது, கேட்டது மட்டும். அதுவும் சொந்தக் குரல்ல” என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். அவளும் போட்டாள். நல்ல விதிதான். போன வாரம் அவள் தங்கையிடமிருந்து அந்தச் செய்தி வந்தது: பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது, வடநாட்டு ஆட்கள், பிஸ்கட்டில் மயக்க மருந்து, உடனே எல்லோருக்கும் அனுப்பவும். கூடவே ஓர் ஆளின் மங்கலான படம். வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் தர்ஷிகா பள்ளி விட்டு வந்துவிட்டாளா என்று தினமும் சாயங்காலம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து தவிப்பவள் அவள். குழுவில் சொல்ல வேண்டும். சொல்வதென்றால் சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். சொந்தக் குரலில் சொல்வதென்றால் தானே பார்த்ததாக இருக்க வேண்டும். விதியை மீறக் கூடாது என்றுதான் அவள் பொய் சொன்னாள். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘ஒரு ஊரில்’ என்று இருந்ததை ‘நம்ம தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல’ என்று மாற்றி, படத்தில் நிறம் தெரியாமல் நின்றவனுக்கு ஒரு கட்டம் போட்ட சட்டையை மாட்டிவிட்டாள். ஏன் கட்டம் போட்ட சட்டை? தெரியாது. கடையில் அன்றைக்கு ஆண்கள் பிரிவில் கட்டம் போட்ட சட்டைகளுக்குத் தள்ளுபடி அறிவித்திருந்தாள். வாயில் மிச்சமிருந்தது வந்துவிட்டது.

பொய் என்று அப்போது தோன்றவில்லை. பார்க்காவிட்டால் என்ன, யாரோ ஒருத்தி பார்த்திருப்பாள் அல்லவா, அவளுக்குப் பதிலாக இவள் சொன்னாள், அவ்வளவுதான். பார்த்திபன் ‘பொறுப்பான பதிவு, இப்படித்தான் இருக்கணும்’ என்று எழுதினார். எதிர்வீட்டுக்காரி தர்ஷிகாவைப் பள்ளி வாசலுக்கே போய்க் கூட்டி வந்தாள். இரண்டு நாள் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது. நேற்றுக் காலை செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி. தலைமுடி வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கும் வியாபாரி, சைக்கிளோடு ஒரு கிராமத்துக்குள் போனவர், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். கம்பத்தில் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். வடநாட்டு ஆள்கூட இல்லை, கிருஷ்ணகிரிப் பக்கம். அரசு மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறார். ‘வாட்ஸ்அப்பில் பரவிய பெண் ஒருவரின் குரல் பதிவை நம்பி’ என்று எழுதியிருந்தது. பெண் ஒருவர். அந்த இரண்டு சொல்லை அவள் நேற்று முழுக்க வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தாள். ஊரில் எத்தனை பெண் ஒருவர் இருப்பார்கள். இந்தப் பெண் ஒருவராக இருக்க வேண்டுமென்று என்ன கட்டாயம். குழுவில் இருந்ததை அழித்துவிட்டாள். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு சாம்பல் வரி, இழவு வீட்டில் துடைத்த கோலம் மாதிரி, மிச்சம் நின்றது. அவள் கணவன் சென்னியப்பன் லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “அழிச்சாச்சல்ல? கம்முனு இரு. உலகத்துல நீ ஒருத்தியா பேசியிருக்கறே?” கம்முனு இருந்தாள். கம்முனு இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. நேற்று ராத்திரி சாப்பிடக்கூட முடிந்தது.

“பாக்கியக்கா, இன்னொருக்கா வையுங்க, சத்தத்துல கேக்கல” என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். பாக்கியம் என்கிறவள் வைத்தாள். வணக்கம், குழந்தை வெச்சிருக்கற எல்லாரும். “பேசறதைப் பாருங்க, எவ்வளவு பதனமா எடுத்துச் சொல்லுது. இந்தம்மா பொய் சொல்லுமா?” “படிச்சவிய போலிருக்குதுக்கா. எங்கியோ கேட்ட குரலாட்டவே இருக்குது.” வசந்தாமணி புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டாள், குரல் கழுத்தில் எழுதியிருப்பது போல. கடையின் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பாள். தீபாவளிக்குப் புடவை எடுக்க வந்து, மாடிப்படியில் நின்று, இரண்டாம் தளம் எங்கே என்று இந்தக் குரலிடம் வழி கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். குரலை நம்பி இடதுபக்கம் திரும்பினால் இடதுபக்கம் புடவை இருந்தது. அப்புறம் ஏன் நம்ப மாட்டாள். நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து திரும்புகிற பெண்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. “எனக்கு ரெண்டும் பொட்டப்புள்ள. மில்லுல நின்னா கை ஓட மாட்டேங்குது.” “எவனோ ஒருத்தனை முந்தாநேத்து வெளுத்தாங்களாமல்ல.” “வெளுக்காம? மாலையா போடுவாங்க?” அப்போதுதான் பாக்கியம் குரலைத் தணித்தாள். தணித்த குரல்தான் காதில் நன்றாக விழும் என்பது வசந்தாமணிக்குத் தொழில்முறையில் தெரியும். “ஏ செல்வி, முன்னால பாரு. கட்டம் போட்ட சட்டை.”

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வசந்தாமணி பார்த்தாள். எதிர்ப்பக்க வரிசையில், இரண்டு இருக்கை முன்னால். முப்பது வயதுக்குள் இருப்பான். தலையில் பஞ்சுத் துகள், தறியிலோ நூல் மில்லிலோ வேலை. தோளில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாவாடை, மொட்டை போட்டு முளைத்த முடி, ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் இல்லை. சட்டை கட்டம் போட்டதுதான். நீலமும் வெள்ளையும். அந்தச் சட்டையைத் தான் தைத்து அவனுக்கு அனுப்பிவிட்டது போலிருந்தது அவளுக்கு. “புள்ள செவப்பா இருக்குது, அவன் கறுப்பு.” “ஒரு செருப்புத்தான் கெடக்குது பாருக்கா. அவசரத்துல தூக்கியாந்திருக்கறான்.” “இத்தனை கூட்டத்துல, இந்த ஆட்டத்துல புள்ள முழிக்காம தூங்குமா? மருந்துதான்.” மருந்தில்லை என்று வசந்தாமணிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததுதான் தொல்லை. கடையில் காணாமல்போன குழந்தைகள் அவளுடைய கூண்டுக்குத்தான் வந்து சேரும்; பண்டிகை நாளில் கூண்டே பாலர் பள்ளி மாதிரி இருக்கும். பழகாத ஆளின் மடியில் உட்கார்ந்த எந்தக் குழந்தையும் தூங்கி அவள் பார்த்ததில்லை. அழும், அல்லது அழாமல் கல்லாக உட்கார்ந்து கதவையே பார்க்கும். இந்தக் குழந்தையின் கை அவனுடைய சட்டைக்குள் கழுத்து வழியாகப் போயிருந்தது. எச்சில் அவன் தோளில் வட்டமாக ஊறியிருந்தது. அப்பன் தோளில்தான் அப்படித் தூங்கும். செருப்பு ஒன்று போவதா, தூக்கிக்கொண்டு நடக்கிற குழந்தைக்குப் பாதி நேரம் ஒரு செருப்புத்தான் இருக்கும். கடையில் அந்த ஒற்றைச் செருப்புகளுக்கென்றே ஓர் அட்டைப்பெட்டி உண்டு. இதையெல்லாம் சொல்லலாம். எழுந்து நின்று சொல்லலாம். எந்தக் குரலில் சொல்வது?

அவளிடம் இருப்பது ஒரு குரல்தான். வாயைத் திறந்தால் அது வந்துவிடும். திறந்ததும் செல்வி என்கிறவள், அட இது அந்தக் குரலல்லோ என்பாள். அதற்கப்புறம் என்ன? அடி விழுமா? போலீஸா? கடையில் முதலாளி கூப்பிட்டு, அம்மா உங்க குரல் இங்க வேண்டாம் என்பாரா? இதெல்லாம் பயந்தான், ஆனால் அடியில் கிடந்த பயம் இவை எதுவுமில்லை. நேற்று அழிப்பதற்கு முன்னால் தான் பேசியதைத் தானே ஒருமுறை முழுக்கக் கேட்டாள், முதல் தடவையாக. ‘நன்றி வணக்கம்’ என்று முடித்த பிறகு விரலை எடுக்க மறந்திருக்கிறாள். நீளமாக ஒன்றுமில்லாத சத்தம். அப்புறம் குக்கர் ஒரு விசில் அடிக்கிறது. அப்புறம் தர்ஷிகா. “அம்மா, என்ற சீப்பு எங்க?” அப்புறம் அவளே, அறிவிப்பாளர் குரலில்லாத குரலில், “பீரோ மேல பாரு தர்ஷிகா.” அதோடு அறுந்தது. பிள்ளையின் குரல், பிள்ளையின் பேர். எத்தனை பேர் போனில் பிள்ளை சீப்புத் தேடிக்கொண்டிருக்கிறது இப்போது. ‘நன்றி வணக்கம்’ என்றதும் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள், அது ஒன்றுதான் காப்பாற்றுகிறது. பாக்கியமும் ஒவ்வொரு தடவையும் அங்கேதான் நிறுத்தினாள். ஒரு ஆளைக் கம்பத்தில் கட்டி அடித்தவர்களில் ஒருத்தர்கூடக் கடைசி வரை கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் என்ன? சோறு வேகிற வீட்டிலிருந்து, தண்ணித்தொட்டிப் பக்கமே போகாமல், ஒருத்தி பேசியிருக்கிறாள் என்று ஒருவனுக்காவது உறைத்திருக்குமா? உறைத்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். உறைத்திருக்காது என்று அடுத்த நிமிஷம்.

பஸ் காலிங்கராயன் வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன், பாக்கியத்தின் போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் தன் போனை எடுத்தான். “டேய் மாப்ள, எங்கிருக்கற? நால்ரோட்டுலயா? பேக்கரியிலயா? சரி, பசங்களைக் கூப்பிட்டு நில்லு. இருவதாம் நம்பர் வண்டி. கட்டம் போட்ட சட்டை, புள்ளையோட. இல்லடா, போலீசுக்கெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்.” சத்தமாகவே பேசினான். ஒளித்துப் பேச வேண்டிய காரியம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பேச்சில் ஒரு பொறுப்பு இருந்தது, போன வாரம் அவள் பேச்சில் இருந்த அதே பொறுப்பு. ‘பொறுப்பான பதிவு.’ ஒரு முதியவர் மஞ்சள் பையோடு முன்னால் சாய்ந்து கட்டம் போட்ட சட்டைக்காரனைத் தட்டினார். “ஏ தம்பி, புள்ள யாருது?” அவன் புரியாமல் விழித்தான். “பேட்டி,” என்றான், குழந்தையை இன்னும் கொஞ்சம் தோளுக்கு ஏற்றிக்கொண்டு. “மேரி பேட்டி.” என் மகள் என்று இந்தியில் சொல்கிறான். “பேட்டி குடுக்கறானாமா, டிவிக்காரங்களைக் கூப்புடு” என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தலைமுடிக்காரரும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாராம். “ஆதாரைக் காட்டச் சொல்லு.” காட்டினான். “ஆதாரெல்லாம் அடிச்சுத் தர்றாங்களாமா, போன்ல வந்துது.” ஆதாரையும் நம்பாதவர்கள் போனில் வந்ததை நம்பினார்கள். அவர்களை அவள் என்ன சொல்ல முடியும்?

மைக்கில் பேசுவதற்கு அவளுக்கு ஒரு தலையாட்டல் வேண்டும். கடையில் அது கண்டிப்பு. என்ன அறிவிப்பாக இருந்தாலும் தளமேலாளரிடம் வாயால் ஒருமுறை சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் பொத்தானை அழுத்தலாம். அவளுக்கு முன்னால் அந்தக் கூண்டில் இருந்தவள் மூன்றாம் தளத்தில் புகை என்று எவனோ சொன்னதை அப்படியே மைக்கில் சொல்ல, கூட்டம் படியில் உருண்டதாகக் கேள்வி. புகை என்பது சாம்பிராணி. அன்றிலிருந்து தலையாட்டல். நாலு மாடிக்கே ஒரு தலை தேவைப்பட்டது. நாடு முழுக்கக் கேட்கிற மைக்கை ஆளுக்கொன்று கையில் கொடுத்தவர்கள் தலையாட்ட ஒருத்தரையும் வைக்கவில்லை. டீக்கடையில் எல்லோரும் சொல்கிறார்கள், சட்டம் போடணும், கண்ட்ரோல் பண்ணணும். யார் தலை ஆட்டுவது? மந்திரியா, கம்பெனிக்காரனா? மந்திரியின் தலை தனக்குப் பிடிக்காததற்கெல்லாம் இடவலமாக ஆடும். கம்பெனிக்காரனுக்கு எல்லாத் தலையும் ஆடினால்தான் வியாபாரம். பார்த்திபன் ஒரு ஃப்யூஸ் போட்டார், பாவம், நல்லதுக்குத்தான். அந்த ஃப்யூஸ் வழியாகத்தான் நெருப்பு வந்தது. விதி இல்லாததால் இது நடந்ததா, அரை விதியால் நடந்ததா? பார்வர்டுக்குத் தடை போட்டவர், பார்த்தேன் என்கிறவளிடம் எப்போது பார்த்தாய், கூட யார் இருந்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் அங்கேயே மாட்டியிருப்பாள். ஒரே ஒரு கேள்வி. கூண்டில் அவள் அதைத்தான் செய்கிறாள். குழந்தை கிடைத்தால் மைக்கில் சட்டை நிறத்தைச் சொல்ல மாட்டாள், பேரைச் சொல்ல மாட்டாள். ஒரு குழந்தை இங்கே இருக்கிறது என்பாள், அவ்வளவுதான். வருகிறவர்கள் நிறத்தைச் சொல்ல வேண்டும், பேரைச் சொல்ல வேண்டும், கழுத்தில் என்ன கட்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பிள்ளை. அடுத்தவர் பிள்ளைக்கு அத்தனை கேள்வி வைத்திருந்தவள், தன் வாய்க்கு ஒன்றும் வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரைஸ் மில் போயிற்று. அடுத்து பெட்ரோல் பங்க், அடுத்து நால்ரோடு. கம்முனு இரு. இறங்கிப் போய்விடலாம். பெட்ரோல் பங்கில் இறங்கி அடுத்த வண்டியில் வரலாம். நால்ரோட்டில் நடப்பது நாளைக்கு உள்பக்கத்தில் நாலு வரியாக வரும், பெண் ஒருவரின் என்று. கால் செருப்பைத் தேடியது. பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது, யாரோ இறங்கினார்கள், அவள் அல்ல. ஏன் இறங்கவில்லை என்று பின்னாளில் யாராவது கேட்டால் சொல்ல அவளிடம் பெருமையாக ஒன்றுமில்லை. குழந்தை தூக்கத்தில் அவன் சட்டைக்குள் கையைப் புரட்டிப் போட்டது. அதைப் பார்த்தாள். பார்த்தது அதுதான். அந்த வாரம் முழுவதிலும் அவள் தன் கண்ணால் பார்த்த ஒரே விஷயம்.

எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். பாக்கியம் நினைத்ததைவிடச் சின்னவளாக, நெற்றியில் திருநீறோடு, நல்ல முகமாக இருந்தாள். “அது என்ற குரலுங்க,” என்றாள் வசந்தாமணி. “அந்தப் போன்ல இருக்கறது. நான்தான் பேசினேன். நான் யாரையும் பாக்கலீங்க.” யாருக்கும் புரியவில்லை. “என்னங்கக்கா?” “நான் பாக்கலை. எனக்கும் வந்துது, அதைப் பாத்த மாதிரி பேசிப்போட்டேன். தண்ணித்தொட்டி, சட்டை, எல்லாம் நானாச் சொன்னது. அவன் புள்ளைதான் அது, உடுங்க.” பாக்கியம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபமில்லை, புத்தி சுவாதீனமில்லாதவளைப் பார்க்கிற இரக்கம். “அக்கா, அந்தம்மா பேசறது வேற. நீங்க பேசறது வேற.” வேறுதான். சொற்கள் பாதியில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அறிவிப்பாளரின் குரல் எங்கோ போய்விட்டது. “இவளுக்கு எவ்வளவு குடுத்தானோ” என்று கறுப்புச் சட்டைக்காரன் சொன்னான். “கும்பல்ல பொம்பளைங்களும் இருப்பாங்களாமா.” கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “ஏம்மா, வண்டியில பிரச்சனை வேண்டாம், உக்காரு.” செல்வி சொன்னாள்: “உங்க குரல்தான்னா, அதுல இருக்கறாப்பல பேசிக் காட்டுங்க பாக்கலாம்.” பேசியிருக்கலாம். என்ற கண்ணால பாத்தேன் என்று மறுபடியும் சொன்னால் குரல் பொருந்தும். ஆனால் அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை உலகத்தில் விட நாக்கு எழவில்லை. கூண்டில் மாதிரியே, வருகிறவர்தான் நிறத்தைச் சொல்ல வேண்டும், பேரைச் சொல்ல வேண்டும்.

“கடைசி வரைக்கும் வையுங்க,” என்றாள். “நன்றி வணக்கத்தோட நிறுத்தாதீங்க. அதுக்கப்பறம் ஒண்ணுமே கேக்காது. பொறுங்க. ஒரு குக்கர் விசிலடிக்கும். ஒரு புள்ள வந்து சீப்பு எங்கன்னு கேக்கும். நான் பீரோ மேல பாருன்னு சொல்லுவேன். என்ற புள்ளைங்க அது. தர்ஷிகா.” பேரைச் சொன்னபோது பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தது போலிருந்தது. பாக்கியம் கறுப்புச் சட்டைக்காரனைப் பார்த்தாள், அவன் தோளைக் குலுக்கினான், அவள் போனை விரலால் தொட்டாள். வணக்கம். குழந்தை வெச்சிருக்கற எல்லாரும். தண்ணித்தொட்டி. கட்டம் போட்ட சட்டை. நன்றி வணக்கம். அப்புறம் அந்த நீளமான ஒன்றுமில்லாத சத்தம். இஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் எல்லோரும் ஒரு போனின் மௌனத்தைக் குனிந்து கேட்டார்கள். வராமல் போய்விட்டால்? வழியில் எவனாவது வெட்டியிருந்தால்? விசில் அடித்தது. ‘அம்மா, என்ற சீப்பு எங்க?’ பிள்ளைக் குரல் கேட்டு, தமிழ் தெரியாத அவன் மட்டும் சட்டென்று திரும்பிப் பார்த்தான். ‘பீரோ மேல பாரு தர்ஷிகா.’ பாக்கியம் போனைப் பார்த்தாள், வசந்தாமணியைப் பார்த்தாள். “அடிப்பாவி,” என்றாள், சத்தமில்லாமல். “நாலு நாளா என்ற புள்ளைகளை ஊட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டு வேலைக்கு வர்றேண்டி.”

கறுப்புச் சட்டைக்காரன் நால்ரோட்டுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். “போயிருங்கடா, தப்பான ஆளு” என்று எழுதினான். அது போய் நின்றது, படித்த குறி விழவில்லை. நால்ரோட்டுப் பேக்கரி வாசலில் பைக்குகள் நின்றன, ஏழெட்டுப் பேர், ஒருவன் கையில் கிரிக்கெட் மட்டை. கண்டக்டர் நிறுத்தாதே என்று இரண்டு விசில் கொடுத்தார். டிரைவர் நிறுத்தாமல் மிதித்தார். மஞ்சள் பைப் பெரியவர் நால்ரோட்டில் இறங்க வேண்டியவர்; அவரும் கம்முனு உட்கார்ந்திருந்தார். இரண்டு பைக் கொஞ்ச தூரம் பின்னால் வந்து நின்றுவிட்டன. தறிக்குடோன்கள் வரிசையாக இருக்கிற இடத்தில் கேட்காமலே வண்டியை நிறுத்தி, கண்டக்டரே அவனைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். குழந்தை விழித்துக்கொண்டு, ஜன்னல்களில் இருந்த முகங்களையெல்லாம் பார்த்தது. அவன் என்ன நடந்தது என்று தெரியாமல் கண்டக்டருக்குக் கும்பிடு போட்டான். அவளைப் பார்க்கவில்லை. பார்க்க அவனுக்குக் காரணமும் இல்லை.

அப்புறம் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. பையில் போன் அதிர்ந்தது, நின்றது, அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். குடியிருப்புக் குழு. விதி வந்த பிறகு முதல் பார்வர்டு. ஒரு காணொளி, இதே பஸ், இதே கம்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள். ‘அவன் புள்ளைதான் அது, உடுங்க’ என்கிறாள். ‘கும்பல்ல பொம்பளைங்களும் இருப்பாங்களாமா’ என்று ஒரு குரல். அங்கேயே முடிந்தது. மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: பிள்ளை பிடிக்கிறவனைத் தப்பவிட்ட பெண் இவள்தான், பார்த்தால் விடாதீர்கள். யார் எடுத்தது, பின்னாலா, முன்னாலா, தெரியவில்லை. பார்த்திபன் ஒன்றும் எழுதவில்லை. யாரையும் குழுவை விட்டுத் தூக்கவும் இல்லை. அவள் இன்னொரு தடவை ஓடவிட்டாள். குக்கர் விசில் இல்லை. சீப்பு இல்லை. தர்ஷிகாவின் பேர் இல்லை. முதலில் வந்தது நிம்மதிதான். அதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. பஸ் திரும்பியது. குடியிருப்பு நிறுத்தத்தில் விளக்குக் கம்பத்தடியில் ஆட்கள் நின்றிருந்தார்கள், வழக்கத்தைவிட அதிகம். ஒவ்வொரு கையிலும் ஒரு சின்ன வெளிச்சம். கண்டக்டர் விசில் கொடுத்தார். வசந்தாமணி இருக்கைக்கடியில் காலால் துழாவினாள். வண்டி ஆடிய ஆட்டத்தில் எங்கோ நகர்ந்துவிட்டிருந்தது. ஒரு செருப்புத்தான் அகப்பட்டது. அதை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.